வாசகர் கேள்வி–பதில்: சியரா நெவாடாவைக் குடைந்த சீனர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்க ரயில் பாதை ஒன்றைப் பற்றியவை. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் தொடங்கி, சியரா நெவாடா மலைகளைத் தாண்டி, யூட்டாவின் புரோமன்டரி வரை 690 மைலுக்கு சென்ட்ரல் பசிபிக் கம்பெனி 1863 முதல் 1869 வரை போட்ட பாதை அது. வேலை மும்முரமாக நடந்த ஆண்டுகளில் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் சீனர்கள். பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்து தைஷான், கைபிங் பக்கத்துக் கிராமத்தார்.

கே: துளைபோடும் எந்திரம் இல்லாமல் கருங்கல் மலையில் 1,659 அடி சுரங்கத்தை எப்படிக் குடைந்தார்கள்?

உளியும் சம்மட்டியும்தான். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் நீண்ட உருக்கு உளியைப் பாறையில் ஊன்றிப் பிடிப்பார். இருவர் மாறி மாறி அடிப்பார்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பிடித்திருப்பவர் உளியைக் கொஞ்சம் திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் உளி ஒரே தடத்தில் இறங்கி இறுகிக்கொள்ளும், துளை வட்டமாக வராது. அடிப்பவர் பெலத்தைவிடப் பிடிப்பவர் பொறுமைக்குத்தான் அங்கே மதிப்பு.

துளை ஆழமானதும் கருமருந்தை, அதாவது கறுப்பு வெடிமருந்துத் தூளைக் கொட்டி, திரி வைத்து, வாயை இறுக அடைப்பார்கள். அடைப்பு இளகலாக இருந்தால் துளையே துப்பாக்கிக் குழல் ஆகிவிடும்: மருந்து முழுக்க வாய் வழியே வெளியே சீறும், பாறை அப்படியே நிற்கும். அந்தப் பாறையின் கடினத்துக்கு, நன்றாக அடைத்த துளைகூடச் சில சமயம் இப்படிக் காலை வாரியது.

சுரங்கத்தின் முழு முகத்தையும் ஒரே வீச்சில் உடைப்பதில்லை. முதலில் மேல்பகுதியை மட்டும் குடைந்து முன்னேறுவார்கள். கீழ்ப்பகுதியைப் படிபோல விட்டு, பின்னால் வரும் ஆட்கள் உடைப்பார்கள். படிக்கு மேலேயும் முன்னேயும் வெற்றிடம் இருப்பதால் பாறை பெயர்ந்துபோக வழி உண்டு, வேலை வேகமாக நடக்கும். அங்கே இருந்த பொறியாளர் ஜான் கில்லிஸ் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: கருமருந்தால் மேல்பகுதியில் ஒரு நாளைக்கு சராசரி 1.18 அடி, அதாவது பதினான்கு அங்குலம், கீழ்ப்படியில் 2.51 அடி.

இந்த வேகத்தில் இரு முனைகளிலிருந்து மட்டும் குடைந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆகவே மலை உச்சியிலிருந்து நடுவே 73 அடிக்குக் கிணறு ஒன்றைத் தோண்டி இறங்கி, அங்கிருந்து கிழக்கும் மேற்குமாக உடைத்தார்கள். வேலை செய்யும் முகம் இரண்டாக இருந்தது நான்காயிற்று. கிணற்றிலிருந்து கல்லை மேலே இழுக்க, ஒரு பழைய ரயில் எஞ்சினை மலைமேல் ஏற்றிப் பொருத்தினார்கள். இரவு பகலாக மூன்று ஷிப்ட். 1867 ஆகஸ்டில் முகங்கள் ஒன்றையொன்று தொட்டபோது பிசகு வெறும் இரண்டு அங்குலம்.

கே: நைட்ரோகிளிசரின் பயன்படுத்தினார்களாமே, நிஜமா?

நிஜம். கருமருந்தைவிடப் பலமான திரவ வெடிமருந்து அது. 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெட்டி வெடித்துப் பலர் இறந்தார்கள். அதன்பின் அதை வண்டியில் ஏற்றிவருவதே ஆபத்து என்றாகிவிட்டது. கம்பெனி ஜேம்ஸ் ஹவ்டன் என்ற வேதியியலாளரை அழைத்துவந்து, 1867 தொடக்கத்திலிருந்து மலையிலேயே தயாரிக்க வைத்தது. மேல்பகுதியின் வேகம் நாளுக்கு 1.82 அடியாகவும், படியில் 4.38 அடியாகவும் ஏறியது. சிறிய துளை போதும், புகை குறைவு, கல்லும் சின்னச் சின்னதாக உடையும். கெடுதல் ஒன்று: வெடிக்காமல் துளையில் தங்கிவிட்டதை அடுத்த ஷிப்ட்காரர் உளியாலோ கடப்பாரையாலோ தொட்டால் அவ்வளவுதான்.

கே: கூடையில் உட்கார்ந்து செங்குத்துப் பாறையில் தொங்கிக்கொண்டு துளை போட்டார்களாமே?

கேப் ஹார்ன் என்ற வளைவைப் பற்றிய கதை அது. படம் போட அழகாக இருக்கும். ஆனால் அக்காலப் பதிவுகளில் கூடைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அங்கே சரிவு கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடிய அளவுதான்.

கே: தேநீர்தான் அவர்கள் உயிரைக் காத்தது என்று படித்தேன். மிகைதானே?

மிகை இல்லை. தேயிலைக்காக அல்ல, கொதிநீருக்காக. மற்ற ஆட்கள் ஓடையிலிருந்து தண்ணீரை அப்படியே மொண்டு குடித்து வயிற்றுக்கடுப்பில் படுத்தார்கள். சீனர் குழுவுக்கென்று ஒரு சமையல்காரர் இருந்தார். காலியான வெடிமருந்துப் பீப்பாயில் இளஞ்சூட்டுத் தேநீரை நிரப்பி, காவடி மாதிரி தோள்தண்டில் இருபுறமும் தொங்கவிட்டு வேலையிடத்துக்கே கொண்டுபோவார்கள். சாயங்காலம் குளிக்க வெந்நீரும் அவர் பொறுப்பு. அரிசி, உலர்மீன், உலர்ந்த சிப்பி, மூங்கில் குருத்து, உலர்ந்த காளான், கடற்பாசி, பன்றி, கோழி என்று சாப்பாடும் பலவகை. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் தின்றவர்களைவிட இவர்கள் திடமாக இருந்ததில் வியப்பில்லை.

கே: சம்பளம் எவ்வளவு? அடிமைகள்போல் நடத்தினார்களா?

அடிமைகள் இல்லை; தங்க நாணயத்தில் மாதச் சம்பளம். 1867 தொடக்கத்தில் 31 டாலர், பிறகு 35. அதே 35 டாலர் வாங்கிய வெள்ளை ஆளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி கணக்கு. சீனர் அதைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆக, ‘சமமான’ 35 சமமே அல்ல. சம்பளம் ஆளுக்கு ஆள் கைக்கு வராது; குழுத் தலைவர் மொத்தமாக வாங்கிப் பிரிப்பார். கங்காணி என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும்.

1867 ஜூன் கடைசி வாரத்தில் மூவாயிரம் பேர்போல வேலையை நிறுத்தினார்கள். கேட்டது: 40 டாலர், வெளிவேலைக்குப் பத்து மணி நேரம், சுரங்கத்துக்குள் எட்டு. கலவரம் ஏதும் இல்லை. முகாமில் அமைதியாக இருந்தார்கள். கம்பெனியின் சார்லஸ் குரோக்கர் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. மலைமேல் போகும் உணவை நிறுத்தினார். வேலைநிறுத்தம் ஒரு வாரம்தான் தாங்கியது.

கே: ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டது யார்?

1869 ஏப்ரல் 28. 10 மைல் 56 அடி. தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. 30 அடி நீளம், 560 பவுண்டு எடையுள்ள தண்டவாளங்கள் 3,520. ஒரு தண்டவாளத்துக்கு நால்வர் என்றால் ஆளுக்கு 1,760 முறை, தலைக்கு 140 பவுண்டு. மலைப்பான வேலைதான். ஆனால் வண்டியிலிருந்து இரும்பை இறக்கியது, கட்டை பரப்பியது, ஆணி அடித்தது, மண் கெட்டித்தது என்று மற்ற வேலைகளில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், பெரும்பாலும் சீனர். அவர்களில் ஒருவர் பெயர்கூட எழுதப்படவில்லை.

கே: எத்தனை பேர் இறந்தார்கள்?

கம்பெனி கணக்கு வைக்கவில்லை. 1870-ல் சாக்ரமென்டோ பத்திரிகை ஒன்று, சீனாவிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்ப, இறந்தவர்களின் 20,000 பவுண்டு எலும்புகள் ரயிலில் வந்ததாகவும், அது சுமார் 1,200 பேருடையது என்றும் எழுதியது. இன்னொரு பத்திரிகை ஐம்பது பேர் என்றது. இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள். பனிச்சரிவு முகாம்களோடு ஆட்களைப் புதைத்தது மட்டும் சந்தேகமில்லை. 1866–67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல்கள்.

கே: என் ஆராய்ச்சிக்காகச் சம்பளப் பட்டியலைப் பார்த்தேன். ஏன் எல்லாருக்கும் ‘ஆ’ என்றே பெயர் தொடங்குகிறது?

‘ஆ’ பெயரே அல்ல. கான்டனீஸ் மொழியில் நெருங்கியவரைக் கூப்பிடும்போது முன்னால் சேர்க்கும் சொல். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், குடும்பப்பெயர் போயிற்று. ‘தம்பி’, ‘அண்ணாச்சி’ என்று பதிவேட்டில் எழுதினால் எப்படியோ, அப்படி. அதுவும் தலைவர்களுக்குத்தான், மற்றவர்கள் ஒரு தலைவர் பெயருக்கு நேரே எண்ணிக்கையாக நிற்பார்கள். 1864 ஜனவரிப் பட்டியலில் வரும் ஹுங் வா இப்படியொரு தலைவர். ஆகவே தனி ஆளைத் தேடாதீர்கள். தலைவர் பெயர், மாதம் இவற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த மாதம் வேலை எந்த இடத்தில் நடந்தது என்று பாருங்கள். தொழிலாளி ஒருவர் கைப்பட எழுதிய கடிதமோ நாட்குறிப்போ இதுவரை அகப்படவில்லை.