சார்ஜர் சொருகினா லேப்டாப் படுத்துடுது, ரெண்டு ஃபார்மட் போட்டும் சரியாகல: கேள்வி-பதில்

கேள்வி (ஈரோட்டுல இருந்து ஒரு வாசகி): வணக்கங்ணா. வீட்டுல இருந்தே சின்னச் சின்ன கடைங்களுக்கு டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி ஃபைலிங் பண்ணிக் குடுக்கறேனுங்க. எட்டு மாசம் முன்னாடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட்ஸ்ல ஒரு பிசினஸ் லேப்டாப் 23,000 ரூபாய்க்கு எடுத்தோம், ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. இப்ப ஒரு மாசமா டேலி திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது, மவுஸ் நகத்துனா அது ஒரு நேரம் கழிச்சு வருது. சர்வீஸ் கடைல விண்டோஸ் கரப்ட்னு ரெண்டு தடவ ஃபார்மட் போட்டாங்க, 500 ரூபா வீதம் ஆச்சு, அப்படியேதான் இருக்கு, இப்ப மதர்போர்டு மாத்தணும் 9,000 ஆகும்ங்கறாங்க. கரன்ட் போன நேரத்துல மட்டும் பேட்டரில நல்லா ஓடுற மாதிரி தெரியுது, ஆனா பேட்டரி ஏறவே மாட்டேங்குது. பழைய சார்ஜர் ஒயர் பிஞ்சு போனதால இப்ப லோக்கல் சார்ஜர்தானுங்க. 20-ம் தேதிக்குள்ள எல்லாருக்கும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடணும், போர்டு மாத்திடலாமாங்ணா?

பதில்: மாத்தாதீங்கம்மா. கடைசியா ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, லோக்கல் சார்ஜர்னு, என் சந்தேகம் முழுக்க அங்கதான் இருக்கு.

வீட்டுலயே இத ஒண்ணு பண்ணிப் பாருங்க, காசு எதுவும் ஆகாது. சார்ஜர் சொருகி வச்சுட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியு-வ தொட்டா கீழ ஸ்பீடுன்னு ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும். அப்ப டேலிய திறங்க. உங்க ப்ராசஸர் வேலை வந்தா 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஏறணும். அது 0.4, இல்லன்னா 0.8-லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சுன்னா, சார்ஜர புடுங்குனதும் மேல ஏறுச்சுன்னா, விஷயம் முடிஞ்சுது, விண்டோஸ் மேல ஒரு தப்பும் இல்ல.

இது ஏன் நடக்குதுன்னா, டெல், ஹெச்பி மாதிரி வட்ட முனை சார்ஜர் வர்ற மாடல்ல நடுவுல ஊசி மாதிரி மெல்லிசா ஒரு பின் இருக்கும், பாத்திருப்பீங்க. கரன்ட் அது வழியா வர்றதில்ல. அடாப்டர் தன்னைப் பத்தி, நான் 65 வாட், நான் 90 வாட்னு லேப்டாப்புக்குத் தகவல் சொல்றதுக்குத்தான் அது. அந்தப் பின் வளைஞ்சாலோ, ஒயர் உள்ள அறுந்தாலோ, விலை குறைஞ்ச சார்ஜர்ல அந்தத் தகவல் சரியா வரலன்னாலோ, எத்தன வாட் வருதுன்னு லேப்டாப்புக்குத் தெரியாது, பாதுகாப்புக்காக ப்ராசஸர் வேகத்த அடிமட்டத்துக்குக் குறைச்சுடும், பேட்டரி ஏத்துறதையும் நிறுத்திடும். நீங்க சொன்ன ரெண்டு அறிகுறியும் இதுதான். டெல்லா இருந்தா ஆன் பண்றப்ப எஃப்2 அமுக்கி பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்க்ரீன், அது உள்ள போய் அடாப்டர் பத்தின விவரத்தப் பாருங்க, 65 வாட்னு இல்லாம ‘அன்நோன்’ (தெரியல)னு காட்டும்.

அடுத்து, அதே வாட்ல ஒரு ஒரிஜினல் சார்ஜர் தெரிஞ்சவங்க யார்கிட்டயாச்சும் ஒரு மணி நேரம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்க. சரியாச்சுன்னா சார்ஜர் மட்டும் போதும். ஆகலன்னா அடுத்த சந்தேகம் டிசி ஜாக், அதாவது லேப்டாப்ல சார்ஜர் சொருகுற துளை, நிறைய பிசினஸ் மாடல்ல அது போர்டுல சால்டர் பண்ணாம தனி ஒயரோட வரும், அத மட்டும் மாத்தலாம். அதுக்கும் அடங்கலன்னாதான் போர்டு பேச்சே. இன்னொன்னு, இந்த வேகக் கட்டுப்பாட்ட சாஃப்ட்வேர் போட்டு ஆஃப் பண்ணித் தரேன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, சூடு ஏறினாலும் ப்ராசஸர காப்பாத்துறது அதே ஏற்பாடுதான். ஒரு பெண் சொந்தமா உழைச்சு சம்பாதிக்கிற மெஷின்ல, சார்ஜர கூட மாத்திப் பாக்காம ரெண்டு தடவ ஃபார்மட் போட்டு காசு வாங்கினத நினைச்சா எனக்கு மனசு ஆறல.

கேள்வி (மதுரைல இருந்து ஒரு தம்பி): அண்ணே, ஆன்லைன்ல ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கி மூணு வாரம் ஆச்சு. ரீசெட் பண்ணி வைஃபை போட்டதும் ஏதோ ஒரு கம்பெனி பேரு வந்து அவங்க ஆபீஸ் மெயில் ஐடி கேக்குது. வித்தவரு நெட் இல்லாம இன்ஸ்டால் பண்ணிக்கோங்கன்னு சொல்றாரு. ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை பாக்குறேண்ணே, இதுக்கு கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியுமா?

பதில்: தம்பி, அந்த மெஷினோட அடையாளம் பழைய கம்பெனியோட ஆட்டோபைலட் கணக்குல, அதாவது கம்பெனிங்க தங்க லேப்டாப்ப பதிஞ்சு வைக்கிற மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டுல, இன்னும் இருக்கு. நெட் இல்லாம போட்டா இப்போதைக்கு ஓடும், ஆனா அடுத்த ரீசெட்ல அதே ஸ்க்ரீன் வந்து நிக்கும், எஸ்எஸ்டி மாத்தினாலும் போகாது, ஏன்னா பதிவு இருக்கிறது போர்டோட அடையாளத்துல. அந்தக் கம்பெனி ஐடி ஆளுங்க பட்டியல்ல இருந்து எடுத்தாதான் விடுதலை. அத செஞ்சு வாங்கித் தர வேண்டியது வித்தவரோட பொறுப்பு, முடியலன்னா பணம் திரும்ப. ஸ்க்ரீன போட்டோ எடுத்து, பில்லோட சேத்து, ஏழு நாள் டைம் குடுத்து மெயில்ல கேளு, போன்ல பேசி விடாத.

தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் கிடையாதுன்னு வித்தவரு சொல்வாரு, பயப்படாத. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சுயதொழில் பண்ணி பிழைப்பு நடத்துறதுக்காக மட்டும் வாங்கினா நீயும் நுகர்வோர்தான்னு தெளிவா இருக்கு. முதல்ல 1915-க்கு போன் போடு, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். அங்க தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், வித்தவர் எந்த ஊர்ல இருந்தாலும் நீ குடியிருக்கிற மதுரைலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷம் டைம் இருக்கு. வக்கீல் கட்டாயமில்ல, நீயே நின்னு பேசலாம்.

ஆனா பதில் வர்ற வரைக்கும் அந்த லேப்டாப்ப பிரிச்சு எதையும் மாத்தாத, வேற கடைல குடுத்து திறக்கவும் விடாத. சீல் உடைஞ்சிருந்தா பேச்சு அப்படியே உன் பக்கம் திரும்பிடும்.