ரிக் வண்டி ஊரும் ஐடி ஊரும் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. மூன்று வருடமாக பெங்களூரில், ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கர்நாடகத்தின் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெங்களூர் நகர மாவட்டம் ஒன்றிலிருந்தே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எரிச்சலாகத்தான் இருந்தது. இங்கே என் டீமில் இருக்கும் எல்லோருக்கும் இஎம்ஐ. 1-ஆம் தேதி வரும் சம்பளம் 5-ஆம் தேதிக்குள் வாடகை, கார் லோன், கிரெடிட் கார்டு என்று கரைந்துவிடுகிறது. என் மாமா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். இரண்டு ரிக் வண்டியில், அதாவது போர் போடும் வண்டியில், பங்கு, சொந்த வீடு, தோட்டம், கையில் எப்போதும் ரொக்கம். "எங்க ஊர்ல ஒரு தெருவுல இருக்கற காசு உங்க டெக் பார்க் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது" என்பார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உண்மையான தொழிலும் பணமும் சின்ன ஊர்களில் இருக்கிறது, நகரம் வெறும் காகிதக் கணக்கு, இல்லையா? மாமா ஊருக்கே வந்துவிடு, வண்டியில் பங்கு தருகிறேன் என்கிறார். உங்கள் கருத்து தெரிந்தால் நன்றாக இருக்கும். பெயர் போட வேண்டாம்.

திருச்செங்கோட்டு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமாவின் தெருக் கணக்கை யாராலும் சரிபார்க்க முடியாது, அதை விட்டுவிடலாம். ஆனால் உங்கள் எரிச்சலில் பாதி நியாயம் இருக்கிறது.

ஒரு மாவட்டத்தின் வருமானம் இத்தனை கோடி என்று அச்சிடுகிறார்களே, அது வீதி வீதியாகப் போய் எண்ணி எடுத்தது இல்லை. பல துறைகளில் மாநிலத்துக்கான மொத்தத்தை முதலில் போட்டுக்கொண்டு, எங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது போல ஏதாவது ஓர் அளவை வைத்து மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். திருச்செங்கோடு நகராட்சி என்ற ஊருக்கு மட்டும் தனியாக உற்பத்திக் கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. வரியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி மும்பை. ஆனால் சுண்ணாம்புக்கல் தோண்டுவதும் சிமெண்ட் அரைப்பதும் தூசி தின்பதும் அரியலூராக இருந்தாலும், கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால் வருமான வரி மும்பைக் கணக்கில்தான் ஏறும். 2020-இல் உங்களைப் போன்றவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து கோடு எழுதினீர்கள் அல்லவா, கரண்ட் திருச்செங்கோட்டுக் கரண்ட், சோறு அம்மா போட்ட சோறு, ஏற்றுமதி மட்டும் பெங்களூர் ஏற்றுமதி. அந்த வகையில் நகரத்தின் எண்ணிக்கைக்குள் நிறைய சின்ன ஊர்களின் உழைப்பு ஒளிந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இதே கதை அந்தப் பக்கத்திலிருந்தும் உண்டு. மாமாவின் கையில் இருக்கும் ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்களா? 2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, அரசாங்கம் போட்டுவைத்த ஏறத்தாழ பதினாலாயிரம் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி, ஏழாயிரத்தை நெருங்கி, வற்றிப்போய்விட்டன என்று அப்போது அரசே சொன்னது. ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் பகுதிச் சந்துகளில் டிஎன் 34 என்று உங்கள் திருச்செங்கோட்டுப் பதிவெண் போட்ட வண்டிகள் நிற்கும். ஒரு வண்டியில் ரிக், இன்னொன்றில் கம்ப்ரசர், தெரு முழுக்கச் சாம்பல் நிறத்தில் புழுதி பறக்கும், அப்புறம் அதுவே சேறாக வழியும். ஓரமாக ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து ராடு எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு ராடு 20 அடி, ஆக எத்தனை ராடு இறங்கியதோ அதுதான் பில். முன்னூறு அடி வரை ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும், ஆயிரம் அடி போய்த் தண்ணீர் வராவிட்டாலும் காசு காசுதான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பணம் யார் பணம்? உங்களைப் போன்றவர்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகை. உங்கள் மாமா தெருவின் காசில் ஒயிட்ஃபீல்ட் சம்பளமும் கொஞ்சம் இருக்கிறது.

அதனால் யாரிடம் காசு இருக்கிறது என்ற கேள்வி எனக்கு அவ்வளவாக உதவவில்லை. ஓர் ஊரின் பலத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்த ஊரின் முக்கியத் தொழில் படுத்துவிட்டால், அதில் இருந்த ஆள் மறுநாள் காலையில் எங்கே வேலைக்குப் போவான்?

நான் இருப்பது கிருஷ்ணராஜபுரம் பக்கம். விடிகாலையில் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயரைத் தாங்கிய நிலையங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை, மாலூர் தாண்டி, ஒயிட்ஃபீல்ட் வரும்போது கால் வைக்க இடம் இருக்காது. பெட்டிக்குள் முழுக்கத் தமிழ்தான். பையில் செக்யூரிட்டி யூனிஃபார்ம், இன்னொரு பையில் சோற்று டப்பா, கழுத்தில் ஏதாவது கம்பெனியின் அடையாள அட்டை. பாதிப் பேர் ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்குவார்கள், மிச்சப் பேர் கண்டோன்மென்ட். உங்கள் அலுவலகத்தில் காலையில் மேஜை துடைக்கும் அக்காவிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், கேஜிஎஃப் என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. மாதப் பாஸ் எடுத்துவைத்து, போக வர ஐந்து மணி நேரத்தை ரயிலுக்கே கொடுப்பவர்கள்.

இந்தக் கோலார் தங்கவயல் சாதாரண ஊராக இருந்ததில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கிய பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், அங்கே போய்ச் சேர்ந்தன. சிவனசமுத்திரத்தில் நீர்மின்சாரம் எடுத்தபோது அது முதலில் போனது பெங்களூருக்கு இல்லை. சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இல் தங்கவயலுக்குக் கொடுத்தார்கள், பெங்களூர் தெருவில் விளக்கு எரிந்தது 1905-இல்தான். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம், கிளப், ஆஸ்பத்திரி, எல்லாம் இருந்தது. மைசூர் சமஸ்தானம் அந்தத் தங்கத்தில் ராயல்டி வாங்கியது. அந்தக் காலத்தில் உங்கள் மாமா மாதிரி ஒருவர் கேட்டிருந்தால் பெங்களூரை விடத் தங்கவயல்தான் கெட்டி என்று யாரும் சொல்லியிருப்பார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் கிடைக்கும் அளவு குறைந்து, எடுக்கிற செலவு விலையைத் தாண்டிப் போயிருந்தது. பிஇஎம்எல் என்ற கனரக இயந்திரத் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது, அந்த ஒன்றால் அத்தனை பேரையும் தாங்க முடியவில்லை. அடுத்த தொழில் அந்த ஊருக்குள் இல்லை, 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அப்போதிலிருந்து அந்த ரயில் கூட்டம்.

பெங்களூரிலும் தொழில்கள் செத்திருக்கின்றன. பின்னி மில் போனது, அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள். எச்எம்டி கடிகாரம் போனது, 2016-இல் மூட அனுமதி கொடுத்தார்கள். ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலை தேய்ந்துபோனது. ஒவ்வொன்றிலும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லலாம். கஷ்டப்பட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லேத் ஓட்டத் தெரிந்தவன் பீன்யா தொழிற்பேட்டையில் நூறு பட்டறைகளில் ஏதாவது ஒன்றில் நுழைய முடிந்தது, அவன் பிள்ளை வேறு எதற்கோ போனான், யாரும் ஊரை விட்டு ரயில் ஏற வேண்டியிருக்கவில்லை. இதைப் பெங்களூரின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1909-இல் அறிவியல் கழகம், அப்புறம் எச்ஏஎல், பிஇஎல், எச்எம்டி, விண்வெளி ஆராய்ச்சி என்று பெரும்பாலும் அரசாங்கம்தான் ஒன்றன் மேல் ஒன்றாக இங்கேயே கொண்டுவந்து கொட்டியது. அந்தக் காசில் நாலில் ஒரு பங்கைத் தங்கவயலுக்குக் கொடுத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சின்ன ஊர் என்றால் ஒற்றைத் தொழிலோடு மூழ்கத்தான் வேண்டும் என்று விதியும் இல்லை. சிவகாசியைப் பாருங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் திரும்பி வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு இயந்திரம் வேண்டும், இயந்திரம் வந்த பிறகு லேபிளோடு நிற்குமா? காலண்டர், டைரி என்று போனது. மருந்து கலக்கத் தெரிந்த கை பட்டாசுக்குப் போனது. தீப்பெட்டி இறங்கும்போது பட்டாசு தாங்கியது, பட்டாசுக்குக் கோர்ட் கேஸ் வந்தபோது அச்சு கொஞ்சம் தாங்கியது. ஒரு தொழிலின் வயிற்றிலிருந்து இன்னொன்று பிறந்தது. திருச்செங்கோட்டிலும் இதில் கொஞ்சம் நடந்திருக்கிறது, ரிக் ஓட்டுவதோடு நிற்காமல் ரிக் கட்டும் பட்டறைகளும் வந்தன, கல்லூரிகள் வந்தன.

திருப்பூரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், எனக்கு அங்கே பயம்தான் அதிகம். ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி, சரி. ஆனால் 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது முழு ஊரும் ஆடிப்போனது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மறுபடி ஆடியது. பனியனும் அதைச் சுற்றி இருப்பதும்தான் அந்த ஊர். நூல், சாயம், தையல், அட்டைப்பெட்டி, லாரி, மெஸ், எல்லாம் ஒரே ஆர்டரை நம்பி நிற்கின்றன.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. மாமாவுக்கு முதல் வண்டிக்குப் பங்கு போட ஆள் எப்படிக் கிடைத்தார்கள்? பங்காளி, மச்சான், சம்பந்தி. கையெழுத்தே இல்லாமல் பத்து லட்சம் கைமாறும், ஏமாற்றினால் நாளைக்குக் கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காது என்ற பயம்தான் அதற்கு உத்தரவாதம். எந்த வங்கியும் கொடுக்காத வேகத்தில் வரும் கடன் அது, சின்ன ஊர்த் தொழில்கள் எழுந்ததே அதனால்தான். ஆனால் அதே வண்டியில் ராடு மாட்டும் ஒடிசா பையனுக்கோ சத்தீஸ்கர் பையனுக்கோ அந்தக் கதவு திறக்காது. உள்ளூரிலேயே பக்கத்துச் சேரியில் இருப்பவனுக்கும் திறக்காது, எத்தனை வருடம் தொழில் தெரிந்திருந்தாலும். நகரத்தில் யாரும் உங்களை நம்பிப் பணம் தரமாட்டார்கள், அதே சமயம் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு வேலையை மறுப்பதும் இங்கே குறைவு. வாடகைக்கு வீடு கேட்கும்போது விசாரிப்பார்கள், அது தனிப் புலம்பல், இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆக, திருச்செங்கோடு பலமான ஊர்தான், உங்களுக்கு. மேஜை துடைக்கும் கேஜிஎஃப் அக்காவுக்குப் பெங்களூர்.

இனி மாமாவின் அழைப்பு. இஎம்ஐ என்று நகரத்துக்காரர்களைச் சொன்னீர்கள், ரிக் வண்டியும் கம்ப்ரசரும் ரொக்கத்துக்கா வாங்கியிருப்பார்? அதற்கும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும், விசாரியுங்கள். அதோடு, 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் அனுமதி இல்லாமல் போர் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது, அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள், அதுவும் நகரத்தின் ஓரத்துப் பகுதிகளுக்காக. உங்கள் வண்டிகளுக்கு அதிக வேலை கொடுத்த இடங்கள் அவை. எங்கள் தாகம் தீர்ந்தால் உங்கள் ஊர் வருமானம் குறையும், தீராவிட்டால் நாங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டும், எப்படிப் பார்த்தாலும் இரண்டு ஊரும் ஒரே தண்ணீரில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

என்னைக் கேட்டால், பங்கை வாங்கிக்கொள்ளுங்கள், வேலையை விடாதீர்கள். கார் லோன் முடியட்டும், இன்னொரு கார் வாங்காதீர்கள். மாமா இதைக் கேட்டால் பெங்களூர்க்காரன் புத்தி என்பார், சொல்லட்டும். அவருடைய இரண்டு வண்டியும் போன வருடம் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் ஷெட்டில் நின்றது, அதை மட்டும் அவரிடம் நைச்சியமாகக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.