மிகவும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு ஊர்க்காரர்கள் எப்படி உதவலாம்?

சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பை கொடுப்பதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஊரே சேர்ந்து பள்ளிக்குத் தேவையான பொருள்களைச் சீர்வரிசையாக எடுத்து வரும் கல்விச்சீர் கொண்டுவாருங்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 11 வருடமாக இருக்கிறேன். பெற்றோர் பெரும்பாலும் கூலி வேலை, சிலர் செங்கல் சூளை. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, ரொம்பவும் ஏழையான 6 பேரின் பட்டியல் கேட்டார். எழுதிக் கொடுத்தது நான்தான். மைக்கில் பெயர் வாசித்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் பையைக் கொண்டுவரவே இல்லை. பழையபடி மஞ்சள் பையில்தான் புத்தகம். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தப் பட்டியலை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

அடுத்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிச் சீர் வைத்தோம். தாய்மாமன் சீர் வருவதுபோலவே மேளத்தோடு ஊர்வலம். தாம்பாளங்களில் தேங்காய், பழம், நோட்டு, சாப்பாட்டுத் தட்டு, டம்ளர். பின்னாலேயே இரண்டு மின்விசிறி, ஒரு பீரோ. எல்லாம் பள்ளிக்கு வந்த சீர், எது யாருக்கு என்ற பேச்சே இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு பத்துப் பென்சில் வைத்து ஒரு தட்டு எடுத்து வந்தார். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் மகள்தான். முதல் ஆளாகத் தன் அம்மாவுக்கு நீட்டினாள்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். காலனி வீட்டுத் தட்டெல்லாம் பின்னால் வரட்டும் என்று எங்கள் ஊரிலும் ஒரு குரல் வந்தது. கலந்து வந்தால்தான் சீரை வாங்குவோம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கோயிலில் தொடங்காமல் பேருந்து நிறுத்தத்தில் தொடங்கியதும் அதற்காகத்தான்.

அரசு செய்ய வேண்டியதை ஊர் தலையில் கட்டுகிறாயா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். மதிய உணவும், 2023-ல் எங்களுக்கும் வந்த காலை உணவும் இல்லையென்றால் பாதி வகுப்பு காலியாக இருக்கும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் காமராசர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியபோதும் ஊர்மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அதற்காக அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

உண்மையில் எங்களுக்கு இல்லாதது நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதிலும் எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவதற்காக டவர் தேடி வேப்பமரத்தடியில் கைபேசியோடு நிற்கிறேன், உள்ளே ஒன்றாம் வகுப்பு கத்திக்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

சரி, சீருக்கு முன்னால் பள்ளியில் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்கு நான்கு சுவர்க்கடிகாரம் வந்தது. வாளியும் துடைப்பமும் நாங்களே வாங்கினோம்.