குப்பைய எங்க கொட்டுவ? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். பிஎஸ்சி தாவரவியல் ரெண்டாவது வருஷம். செவ்வாய் மண்ணு பத்தி நீங்க எழுதுனத படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள அதேதான் ஓடிட்டு இருக்கு. அங்க ஒரு 10 பேரு குடியேறுனா என்னென்ன பயிரு, என்னென்ன உயிரு கொண்டுபோகணும்னு லிஸ்ட் போட்டேன். நெல்லு, உருளைக்கிழங்கு, தக்காளி, மொச்சை, முருங்கை, கோழி, தேனீ. அப்பாகிட்ட காட்டுனேன், அவரு 3 ஏக்கர்ல தக்காளியும் மொச்சையும் போடுறவரு. முழுசா படிச்சுட்டு "எல்லாம் சரிடா, குப்பைய எங்க கொட்டுவ?"ன்னு கேட்டுட்டு தண்ணி பாய்ச்ச போயிட்டாரு. எனக்கு கொஞ்சம் கோவம்தான். என் லிஸ்ட் சரியா? முருங்கை வளருமா? நீங்க என்ன சேர்ப்பீங்க?

தம்பிக்கு,

கடிதத்த மூணு தடவ படிச்சேன். லிஸ்டுக்கு பதில் அப்புறம் சொல்றேன், மொதல்ல அப்பா கேட்ட கேள்விய விட்டுறாத. விண்வெளியில பயிரு வளர்க்குற இந்த வேலையில 50 வருஷமா இருக்குறவங்க எல்லாரும் கடைசியில முட்டி நிக்கிறது அந்த இடத்துலதான்.

வெறும் விளைச்சல்னு பார்த்தா மனுஷன் நெறைய தூரம் வந்துட்டான். பூமிய சுத்துற சர்வதேச விண்வெளி நிலையமான ஐஎஸ்எஸ்-ல 2015 ஆகஸ்ட்ல அங்கயே வளர்த்த செவப்பு லெட்யூஸ் கீரைய சாப்ட்டாங்க, 2021-ல மிளகா காய்க்க வச்சாங்க. நம்ம இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்னிக்கு விட்ட பிஎஸ்எல்வி சி60 ராக்கெட்டுல ஒரு சின்ன பெட்டிக்குள்ள 8 தட்டைப்பயறு வச்சு அனுப்புனாங்க, 4 நாள்ல மொளைச்சுது, அப்புறம் இலையும் விட்டுச்சு. அந்த போட்டோவ பார்த்துட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், நம்ம வீட்டு டப்பாவுல கெடக்குற பயறுல்ல அது. ஆனா மொளைக்கிறதுக்கு வேண்டிய சாப்பாட்ட வெதை தனக்குள்ளயே கட்டிட்டுதான் வருது. அடுத்த போகத்துக்கு அதுக்கு யாரு சாப்பாடு போடுறதுங்குறதுலதான் வேலையே ஆரம்பிக்குது.

பயோஸ்பியர் 2 பத்தி உனக்கு கொஞ்சம் வெவரமா சொல்லணும். அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல ஆரக்கிள்னு ஒரு ஊரு பக்கத்துல 3 ஏக்கருக்கு மேல கண்ணாடி கூரை போட்டு, உள்ள காடு, சின்ன கடலு, சதுப்பு, வயலு எல்லாம் வச்சு, 1991 செப்டம்பர் 26 அன்னிக்கு 8 பேர உள்ள விட்டு கதவ பூட்டுனாங்க. ரெண்டு வருஷம். வயலு மட்டும் கிட்டத்தட்ட அரை ஏக்கரு, அப்பாகிட்ட 50 சென்ட்னு சொல்லு புரியும். அந்த 50 சென்ட்ல நெல்லு, கோதுமை, வாழை, பப்பாளி, நெலக்கடலை, சக்கரவள்ளி, ஆமா நம்ம மொச்சையும்தான். நெல்லு வயலு தண்ணியில அசோலாங்குற மெதக்குற பெரணிய விட்டு திலேப்பியா மீனும் வளர்த்தாங்க. கோழி, ஆடு, பன்னி எல்லாம் இருந்துச்சு. பூச்சிமருந்து கெடையாது, ஏன்னா தெளிச்சா அதே காத்தத்தான் அவங்களே மூச்சு விடணும். சாப்பாட்டுல 80 சதவீதத்துக்கு மேல அந்த எடத்துலயே வெளஞ்சுது. எல்லாரும் நல்லா எளைச்சுப் போனாங்க, பசியோடவே வேலை பார்த்தாங்க, உருளைக்கிழங்க சிலந்திப் பேன் தின்னுருச்சு, அதனால சக்கரவள்ளியவே தின்னு தின்னு தோலு நெறம் ஆரஞ்சு அடிச்சுது, ஆனாலும் 8 பேரும் ரெண்டு வருஷத்த முடிச்சு உசுரோட வெளிய வந்தாங்க. 50 சென்ட்ல 8 பேரு, ஒருநாளும் வெளிய போய் காய் வாங்காம. இத தோல்வின்னு பேசுறவங்க மேல எனக்கு நெசமாவே வருத்தம் உண்டு.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா காத்துல. வெளிய நம்ம காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம். உள்ள அது கொஞ்சம் கொஞ்சமா எறங்கி எறங்கி 16 மாசத்துல 14.5 சதவீதத்துக்கு வந்துருச்சு, பெரிய மலை மேல ஏறி நிக்கிற மாதிரி, படி ஏறுனா மூச்சு வாங்குது, தூக்கம் இல்ல. 1993 ஜனவரியில வெளிய இருந்து ஆக்சிஜன் ஏத்த வேண்டியதா போச்சு. யாரு தின்னா அவ்வளவு ஆக்சிஜன? மண்ணுதான். நல்லா வெளையணும்னு ஆசப்பட்டு மக்குன எருவும் கரிமமும் நெறைய போட்ட கொழுத்த மண்ணு, அதுல இருந்த கோடிக்கணக்கான நுண்ணுயிர் அத தின்னுகிட்டே மூச்சு விட்டுச்சு. சரி, நுண்ணுயிர் ஆக்சிஜன எடுத்தா அதுக்கு ஈடா கார்பன் டை ஆக்சைடு கூடணும்ல, செடி அத எடுத்து ஆக்சிஜனா திருப்பிக் குடுக்கணும்ல. ஆனா கார்பன் டை ஆக்சைடு அந்த அளவுக்கு கூடவே இல்ல. கடைசியில பார்த்தா கட்டடத்து கான்கிரீட் அத உறிஞ்சி சுண்ணாம்புக்கல்லா மாத்தி செவுத்துக்குள்ள பூட்டி வச்சிருச்சு. போன ஆக்சிஜன் திரும்பி வர்ற வழி அடஞ்சு போச்சு.

இத மொதல்ல படிச்ச அன்னிக்கு என் மாடியில இருந்த மக்கு டிரம்ம போய் தெறந்து பார்த்தேன். உள்ள கைய வச்சா சுடும். அந்த சூடு உசுரோட சூடு, அது மூச்சு விடுதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் ஒறைச்சுது. வெளிய ஒலகம் பெருசா இருக்கு, டிரம் விடுற மூச்ச அது தாங்கிக்கும். கண்ணாடி வீட்டுக்குள்ள அந்த டிரம்மும் ஒரு ஆளு, அதுக்கும் பங்கு போகணும். அப்பா கேட்டது இதத்தான். வயக்காட்டுல அவரு குப்பைய கொட்டுனா காத்தும் மழையும் மண்ணும் சேர்ந்து பாத்துக்கும், மூடுன எடத்துல அத பாத்துக்கிறதுக்குன்னே ஆளு வேணும், அந்த ஆளு உன் லிஸ்ட்ல இல்ல.

சைபீரியாவுல கிராஸ்நோயார்ஸ்க்ல 1972-ல பயோஸ் 3-ன்னு ஒரு மூடுன கூடத்த கட்டி முடிச்சாங்க, பூமிக்குள்ள, மொத்தமே 315 கன மீட்டர். 3 பேரு, 180 நாளு இருந்தாங்க. குளோரெல்லா பாசிய வெளிச்சத்துல வச்சா ஏறக்குறைய 8 சதுர மீட்டர் பரப்பு ஒரு ஆளோட மூச்சுக்கு போதும்னு காட்டுனாங்க, கோதுமை வெளைய வச்சாங்க, தண்ணிய சுத்தி சுத்தி விட்டாங்க. ஆனா மலத்த மட்டும் காய வச்சு கட்டி ஓரமா வச்சுட்டாங்க, திருப்பி வயலுக்கு போகல. அப்ப ஒவ்வொரு சாப்பாட்டோடயும் கொஞ்சம் நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ் வெளிய போய்ட்டே இருக்குன்னு அர்த்தம். ஐஎஸ்எஸ்-லயும் இதே கதைதான், தண்ணியில 98 சதவீதம் திருப்பி எடுக்குறாங்க, மூத்திரம் வேர்வை உட்பட, பெரிய சாதனை, ஆனா சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்க பூமியில இருந்துதான் ஏறுது. செவ்வாய்க்கு அப்படி மாசாமாசம் வண்டி அனுப்ப முடியாது. அங்க காத்துல நைட்ரஜன் 3 சதவீதம் கூட இல்ல, காத்தோட அழுத்தமும் நம்ம ஊருல இருக்குறதுல நூறுல ஒரு பங்கு கூட கெடையாது. யூரியா மூட்டை வாங்க கடை இல்ல. மூத்திரம்தான் யூரியா.

ஐரோப்பிய விண்வெளி கழகம் 1989-ல இருந்து நடத்துற மெலிஸாங்குற திட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அவங்க குப்பையில இருந்து ஆரம்பிச்சாங்க. ஒரு ஏரி எப்படி தன்னத்தானே சுத்தம் பண்ணிக்குதோ அத அறை அறையா பிரிச்சாங்க. மொத அறையில கழிவ அழுக வைக்கிற பாக்டீரியா, நடுவுல அமோனியாவ நைட்ரேட்டா மாத்துற நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர்ங்குற பாக்டீரியா, அதுக்கப்புறம் ஸ்பைருலினா பாசியும் செடியும், கடைசியிலதான் மனுஷன். பார்சிலோனாவுல அதுக்கு ஒரு சோதனை ஆலை இருக்கு. சீனாவுல பெய்ஜிங்ல யூகோங் 1-ங்குற மூடுன சோதனைக் கூடத்துல 370 நாள் ஓட்டுனாங்க, 2018-ல முடிஞ்சுது. அங்க 2014-ல 3 பேர வச்சு 105 நாள் ஓட்டுனப்பவே மனுஷன் தின்ன முடியாத செடிக்கழிவ மீல்வார்ம் புழுவுக்கு போட்டு, அந்தப் புழுவ மனுஷன் தின்னான். மொகம் சுளிக்காத, நாம எறால் திங்கிறோம்ல.

இப்ப உன் லிஸ்டுக்கு வர்றேன். முருங்கை வேண்டாம்னு சொல்ல எனக்கே மனசு கஷ்டமா இருக்கு, ஆனா அது மரம், ஒசரம் வேணும், வெளிச்சம் கொட்டணும், கட்டை மக்க நாளாகும். அதுக்கு பதிலா சக்கரவள்ளி எடு. கெழங்கும் திங்கலாம், கொடி நுனியையும் கீரையா கடையலாம், வெதை வேணாம், ஒரு துண்டு கொடி போதும், மகரந்தச் சேர்க்கைக்கு யாரும் வரணும்னு இல்ல. நெல்லு இருக்கட்டும், ஆனா வைக்கோலுக்கு சிப்பிக்காளான் சேர்த்துக்கோ. மொச்சைய எடுத்தா அதோட வேருல இருந்து காத்து நைட்ரஜன புடிச்சுக் குடுக்குற ரைசோபியம் பாக்டீரியாவ மறக்காம எடுத்துப் போ, அது இல்லாத மொச்சைக்கு மண்ணுல இருந்துதான் நைட்ரஜன் குடுக்கணும். தேனீ எனக்கு சந்தேகம்தான். பயோஸ்பியர்ல தேனீ எல்லாம் செத்துப் போச்சு, தாறுமாறா ஓடுற ஒரு எறும்பும் கரப்பானும்தான் பெருகுச்சு, பூவ கையாலதான் தொட்டு சேர்த்தாங்க. கோழி முதல் 10 பேருக்கு தேவ இல்ல, நாம திங்கிறதையேதான் அதுவும் கேக்கும்.

அப்புறம் செவ்வாய் மண்ணுல பெர்குளோரேட்ங்குற உப்பு இருக்கு, 2008-ல பீனிக்ஸ் கலம் கண்டுபிடிச்சது, அது உடம்புக்கு ஆகாது, தைராய்டுல கை வைக்கும். ஆனா அதையும் தின்னு செரிக்கிற பாக்டீரியா நம்ம பூமியில இருக்கு, தின்னுட்டு குளோரைடும் ஆக்சிஜனுமா பிரிச்சுப் போடும். உன் லிஸ்ட்ல நெல்லுக்கு மேல நான் அத எழுதுவேன். மண்புழுவையும் எழுதுவேன், நெதர்லாந்துல வாகனிங்கன்ல செவ்வாய் மண்ணு மாதிரி செஞ்ச மண்ணுல பன்னிக் கழிவு போட்டு மண்புழு விட்டாங்க, 2017-ல அதுல ரெண்டு குட்டிப்புழு பொறந்துச்சு.

இன்னொண்ணும் உன் அப்பாவுக்காக சொல்றேன். 2015 கடைசியில ஐஎஸ்எஸ்-ல ஜின்னியா பூச்செடி வச்சாங்க, ஈரம் அதிகமாகி இலையில பூசணம் பிடிச்சுருச்சு. அங்க தண்ணி கீழ வடியாது, வேரையும் தண்டையும் சுத்தி பந்து மாதிரி ஒட்டிக்கும், வேரு மூச்சு முட்டிப் போகும். தண்ணி என்னிக்கு எவ்வளவுன்னு தரையில இருந்து அட்டவணை போட்டு அனுப்பிட்டு இருந்தாங்க. அங்க இருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, நானே செடிய பார்த்து எப்ப தேவையோ அப்ப விடுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு, தரையில இருந்தவங்களும் ஒரு பக்கத்துல குறிப்பு மட்டும் எழுதி குடுத்துட்டு பொறுப்ப அவருகிட்ட விட்டாங்க. 2016 ஜனவரியில பூ பூத்துச்சு. செடிய பார்த்து தண்ணி விடத் தெரிஞ்ச ஆளு மொத 10 பேர்ல ஒருத்தரா கட்டாயம் போகணும்னு நான் நெனைக்கிறேன்.

உனக்கு ஒரு வேலை. ரெண்டு லிட்டர் கண்ணாடி ஜாடி ஒண்ணு எடு, அடியில கொளத்து சேறு ரெண்டு விரக்கடை, மேல கொளத்துத் தண்ணி, அதுல கொஞ்சம் வேலம்பாசி, ரெண்டு சின்ன நத்தை. மேல நாலு விரக்கடை காத்துக்கு எடம் விட்டு இறுக்கமா மூடி, நேரடி வெயில் படாத ஜன்னலோரம் வை. தெறக்கக் கூடாது. இன்னொரு ஜாடியில எல்லாம் அதே மாதிரி, ஆனா சேறு மட்டும் இல்லாம, கழுவுன மணல் போட்டு வை. எது எத்தன நாள் தாங்குதுன்னு அப்பாவையும் கூட வச்சுப் பாரு. மூடுன தேதிய மூடி மேலயே எழுதிரு, மாசம் ஒரு தடவ ரெண்டு ஜாடியையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா