ஒன்றையும் அழித்துப்போடாதீர்கள்

வணக்கம் அண்ணா,

நான் ஒட்டுசுட்டானில் ஆசிரியை. கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தா. அதை வைத்து, பள்ளிக்கூட விடுமுறையில் டிசம்பர் முழுக்க நாளுக்கு ஒரு படம் எடுக்கும் சவாலைச் செய்து முடித்துவிட்டேன். கமரா இல்லை, போன்தான். பட்டியலில் பனி, கம்பளிக் கையுறை என்றெல்லாம் இருந்தது. இங்கே விடாத மழை. பனி என்ற நாளுக்கு, வயலில் யூரியா எறிவதை எடுத்தேன் (இணைத்திருக்கிறேன்). வெளியே இறங்க முடியாத நாட்களில் அடுப்படி, அம்மாவின் கை (இதையும் இணைத்திருக்கிறேன்), ஒழுக்குக்கு வைத்த வாளி. 26ஆம் திகதி முல்லைத்தீவில் சுனாமி நினைவுநாளுக்குப் போனோம். அழுதுகொண்டு நிற்கிறவர்களுக்கு முன்னால் போனை நீட்ட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நனைந்த குடையை எடுத்தேன். அது ஏமாற்றா? இப்போது பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத படங்கள். நல்லதாகப் பத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா? போனிலும் இடமில்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒன்றையும் அழித்துப்போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், நீங்கள் போனைக் கையில் எடுக்க முந்தி.

வன்னியில் எத்தனை வீடுகளில், 2009இல் போர் முடிவதற்கு முந்திய படங்கள் இருக்கின்றன? கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர இடம்பெயரச் சுமையைக் குறைத்துக்கொண்டே போன சனம் நாங்கள். அல்பம் பாரம். கலியாணப் படம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் எல்லாம் எங்கோ ஒரு வளவில் மழையில் ஊறிப் போயின. அடையாள அட்டையில் இருந்த முகத்தை ஸ்டூடியோவில் பெருப்பித்து மாலை போட்டிருக்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டுக்காரர் என்னோடு கதைக்கும்போது அழகான படத்தைத் தேடுவதில்லை. பழைய வீட்டின் அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது, முற்றத்தில் நின்றது என்ன மாமரம், அம்மா எந்தச் சீலையை வீட்டில் கட்டுவா என்றுதான் தேடுகிறார்கள். நீங்கள் உதவாது என்று ஒதுக்குகிற அடுப்படியும் வாளியும் அந்த வகைப் படங்கள். வெளியிலிருந்து வந்த கமராக்கள் இடிந்த சுவரையும் முகாமையும் கண்ணீரையும் நிறைய எடுத்துவிட்டன. ஒழுக்குக்கு வாளியை வைத்துவிட்டு அம்மா தேத்தண்ணி ஊற்றுவதை எடுக்க, வீட்டில் இருக்கிற ஒருவர்தான் வேண்டும்.

26ஆம் திகதியில் ஒரு ஏமாற்றும் இல்லை. 2004இல் அந்தக் கரையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிற தாயை, பட்டியலில் ஒரு நாளை நிரப்புவதற்காக எடுக்கக் கூடாது. போனைப் பைக்குள் வைத்தது சரியான முடிவு. குடைப் படத்தின் கீழே, அது எங்கே நனைந்தது என்று மட்டும் எழுதிவையுங்கள்.

யூரியாப் படம் எனக்கு நன்றாகப் பிடித்தது. வீசிய கை தோளுயரத்தில் நிற்கிறது, ஈரத்தில் விரலோடு ஒட்டிய மணிகள்கூடத் தெரிகின்றன. ஆனால் காற்றில் பறக்கிற மணிகள் காணாமல் போய்விட்டன. மாரி வானமும் வெள்ளை, யூரியாவும் வெள்ளை. வரம்பில் ஏறி, போனைத் தலைக்கு மேல் பிடித்துக் கீழ்நோக்கிச் சரித்திருந்தால் பயிரின் பச்சை பின்னால் வந்திருக்கும், மணி மணியாகத் தெரிந்திருக்கும். வயலில் நிற்கிற கொக்கை எடுத்தாலும் வெள்ளைதான் சிக்கல். திரையில் கொக்கின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இறகு தெரியாது, வெள்ளைத் திட்டுத்தான். முகங்களுக்கோ இந்த மூட்டத்தைப் போல நல்ல வெளிச்சம் கிடையாது, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது. அம்மாவின் கை அவ்வளவு வடிவாக வந்ததும் அதனால்தான்.

வருகிற வருசம் மச்சாளின் பட்டியல் வேண்டாம். அவவின் ஊர்ப் பனிக்கு அது சரி. உங்களுடையதை நீங்களே எழுதுங்கள்: இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்கக் கூடுகிற சனம், விடியமுன் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாகப் போகிற பிள்ளைகள், நத்தார்க் குடில், காலபோக நெல் வாரத்துக்கு வாரம் எழும்புகிற உயரம். உங்கள் குளத்தையும் ஒரே இடத்தில் நின்று நாளுக்கொன்றாக எடுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. தண்ணீர் எதுவரை வந்தது என்று பிறகு காட்ட, அந்த நேரத்துச் சாதாரணப் படமொன்று போதும்.

போனில் இடமில்லை என்றால் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள், இன்னொரு பிரதியை மச்சாளுக்கு அனுப்புங்கள். வெள்ளம் வந்தாலும் கனடாவில் ஒன்று கிடக்கும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், தரம் குறையாது. பிறகு காசு சேரச் சேர ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவுங்கள். பின்பக்கம் திகதி, இடம், நிற்கிறவர்களின் பெயர் எழுத வேண்டும். பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். யூரியா எறிகிறவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அவருக்கும் ஒரு படம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணா