நந்தி மலை ஏறப்போகும் மகளை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. அடுத்த மாதம் பள்ளியில் நந்தி மலைக்கு அழைத்துப் போகிறார்கள். அடிவாரத்திலிருந்து படி ஏறித்தான் போக வேண்டுமாம். வீட்டுப் படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. முடியாது என்று லெட்டர் கொடுத்துவிடலாமா, இல்லை இந்த ஒரு மாதத்தில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: லெட்டர் வேண்டாம். இந்த வயதுப் பிள்ளையைத் தயார்படுத்த ஒரு மாதம் போதும். ஜிம்மும் தேவையில்லை, உங்கள் வீட்டு மாடிப்படியே போதும்.

முதலில் அந்த மூச்சிரைப்பைப் பார்த்துவிடுவோம். ஓடி ஆடாத பிள்ளைக்கு மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். மேலே வந்து நின்றதும் கவனியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் திக்கித் திணறாமல் பேசுகிறாள் என்றால் பெரும்பாலும் பழக்கமில்லாததுதான் காரணம். விசில் மாதிரி சத்தம், இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் இதில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், படிப் பயிற்சி அப்புறம். ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவள் என்றால், மலை ஏறும் முன் எப்போது எடுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலர் அவள் பையிலேயே இருக்க வேண்டும். டீச்சரிடம் கொடுத்தால் பஸ்ஸோடு கீழேயே நின்றுவிடும்.

இன்னொன்று, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இது இருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத்தான் நெருங்குகிறாள். ஹீமோகுளோபின் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். 12க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு படி ஏறினாலும் களைப்புதான் மிஞ்சும். நம் வீடுகளில் சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் வழக்கம் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. அது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். நந்தி மலைப் படிகள் ஆயிரத்துக்கு மேல். எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஏறும்போது முடியவில்லை என்றால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளை உண்மையில் படுத்துவது இறக்கம்தான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி, பிரேக் போட்டபடி இறக்குகிறது. நீளும்போதே பாரம் தாங்குவதால் தசை நார்கள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உட்கார்ந்தால் எழ முடியாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒருமுறை லேசாக வலிக்கும் அளவுக்கு இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அவ்வளவு வலியில்லாமல் செய்துவிடும். அதனால்தான் இறங்கும் பயிற்சியை முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறேன்.

இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். கடைசிப் படியில் அவளை வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். ஒரு கால் படியிலேயே இருக்க, மற்ற காலின் குதிகாலை மூன்று எண்ணும் வரை மெதுவாகத் தரைக்கு இறக்கட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து, படியில் இருக்கும் காலின் முட்டியைப் பாருங்கள். முட்டி பாதத்துக்கு நேராக நின்றால் நல்லது. உள்பக்கம் சாய்ந்தாலோ, கால் தொப்பென்று விழுந்தாலோ, தொடையிலும் இடுப்பிலும் வலு போதவில்லை. அதற்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து மெதுவாக உட்காரட்டும். கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு பத்து. சுவரைப் பிடித்தபடி அந்தக் குதிகால் பயிற்சியையும் காலுக்கு எட்டு முறை செய்யட்டும்.

மாடிப்படியும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். மூன்று மாடி ஏறி இறங்கினால் ஒரு சுற்று, ஏறக்குறைய அறுபது படி. முதல் வாரம் இரண்டு சுற்று, அடுத்த வாரம் நான்கு, மூன்றாம் வாரம் ஏழு. நான்காம் வாரத் தொடக்கத்தில் ஒரே ஒரு நாள் பத்துச் சுற்று. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். இறங்கும்போது கைப்பிடியில் கை இருக்கட்டும், காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. மலைக்குப் போவதற்கு முந்தைய நான்கு நாளும் சாதாரண நடை மட்டும். படி இல்லாத நாட்களில் அல்சூர் ஏரிக் கரையில் அரை மணி நேரம் நடக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்பாக் பாறைக்குக் கூட்டிப் போங்கள். சுமார் முந்நூறு கோடி ஆண்டுப் பழமையான பாறை அது; அந்தச் சரிவில் இறங்குவது படியில் இறங்குவதைப் போல இருக்காது, பாதம் நன்றாகப் பழகும்.

புது ஷூ வாங்குவதென்றால் இப்போதே வாங்கிப் பயிற்சியிலேயே போடட்டும். தண்ணீர் ஒரு லிட்டர், எலுமிச்சைச் சாதம், கடலை மிட்டாய், மெல்லிய ஸ்வெட்டர் போதும். மாதவிடாய் தொடங்கியிருந்தால் நாப்கின் இரண்டு. எதையும் பிளாஸ்டிக் கவரில் கையில் வைத்திருக்க வேண்டாம், அங்கே குரங்குகள் பிடுங்கிவிடும். ஏறத் தொடங்கும்போது பையன்கள் ஓடுவார்கள். இவள் பின்னாலேயே நிதானமாக வரட்டும்.

பள்ளியிலும் ஒன்று கேளுங்கள். இந்த வயதில் தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளியாக இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் பேசுங்கள். அந்த வகுப்பு போனதால்தான் பல பிள்ளைகளுக்கு மூன்று மாடி மலையாகத் தெரிகிறது.

போய் வந்த மறுநாள் தொடை வலித்தால் படுக்க வைக்காதீர்கள். வீட்டுக்குள் நடமாடட்டும், பக்கத்துக் கடைக்கு அனுப்புங்கள். மூன்று நான்கு நாளில் தானாக விட்டுவிடும். முட்டி வீங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் குத்தினாலோ, வலி ஒரு வாரத்தைத் தாண்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.