பத்து மின் லாரிக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

எண்ணூர் வாசகர்: துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் ஓட்ட 55 டன் மின் டிராக்டர் (டிரெய்லரை இழுக்கும் லாரித் தலை) பத்து வாங்கப் போகிறோம். ஒவ்வொன்றிலும் 282 யூனிட் பேட்டரி. லாரிக்கு 120 கிலோவாட் வீதம் 1,200 கிலோவாட் இணைப்பு வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். 20 சதவீதத்தில் ஷெட்டுக்குத் திரும்பும் லாரியை நிரப்ப 225 யூனிட். பத்துக்கும் சேர்த்து 2,250. ஏசியை டிசியாக்குவதிலும் பேட்டரியைக் குளிர்விப்பதிலும் ஒரு 8 சதவீதம் போகும் என்று வைத்தால் மீட்டரில் 2,430 யூனிட் ஓடும். இரவு 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரம் இருக்கிறது. சராசரி 305 கிலோவாட்தான் வருகிறது. லாரி தாமதமாக வருவதையும் கடைசி 15 சதவீதம் மெதுவாக ஏறுவதையும் சேர்த்தாலும் 400 கிலோவாட் தாராளம். 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் வேலை முடிந்துவிடும்.

உயரழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு மட்டுமல்ல, டிமாண்டுக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கும், தனியாகக் காசு. பத்து டிரைவரும் ஒரே நேரத்தில் வந்து முழு வேகத்தில் செருகிவிட்டால் அந்த அரை மணி நேரமே மாதம் முழுவதற்குமான டிமாண்டை ஏற்றி வைத்துவிடும். பிறகு 29 நாள் சிக்கனமாக இருந்தும் பயனில்லை.

இரண்டு கன் (லாரியில் செருகும் பிளக்) உள்ள 120 கிலோவாட் சார்ஜர் ஐந்து போடுங்கள். லாரிக்கு ஒரு கன். நடுராத்திரியில் யாரும் எழுந்து மாற்றிச் செருக வேண்டாம். மொத்தத்தை 400-க்குள் பிரித்துக் கொடுக்க ஓசிபிபி (சார்ஜர்களோடு பேசுவதற்கான பொது மொழி) வழியே பேசும் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி தேவை. பத்தும் ஒன்றாக ஏறினாலும் ஆளுக்கு 40 கிலோவாட், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். காலை 4 மணி லோடுக்குப் போகிற வண்டிக்கு முன்னுரிமை கொடுக்கவும் அதில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: வண்டிகள் சார்ஜில் இருக்கும்போதே இன்டர்நெட் வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். சார்ஜர்கள் குறைந்த வரம்புக்கு இறங்கி நிற்க வேண்டும். கட்டுப்பாடு போய்விட்டதென்று முழு வேகத்துக்குத் தாவினால் அந்தக் கருவி வேண்டாம்.

இடம் விடும்போது டிரெய்லரைக் கழற்றாமலே நுழைந்து, மறுபக்கம் வெளியேறும்படி விடுங்கள். 40 அடிப் பெட்டியோடு பின்னால் எடுத்துச் செருகச் சொன்னால், முதலில் சாய்வது சார்ஜர்தான். அதன் முன் இரும்புத் தூண் கட்டாயம்.

நாமக்கல் வாசகர்: 240 கிலோவாட் சார்ஜரில் போட்டாலும் 120-க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா?

அநேகமாக இல்லை. கன்னின் ஆம்பியர் வரம்பைப் பாருங்கள். 200 ஆம்பியர் கன், 620 வோல்ட் பேட்டரி என்றால் பெருக்கினால் 124 கிலோவாட்தான். சார்ஜர் மேல் எழுதியிருக்கும் 240 இரண்டு கன்னுக்கும் சேர்த்துச் சொல்வது. சில லாரிகளில் கன்னைச் செருக இரண்டு துவாரம் உண்டு. இரண்டையும் செருகினால் முழுதும் வரும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவது பேட்டரியின் இயல்பு. பகலில் லோடுக்கு நடுவே போடுவதானால் 80-ல் கழற்றிவிடுங்கள், மிச்ச நேரம் வீண்.

தூத்துக்குடி வாசகர்: 22 சதவீதம் காட்டிய வண்டி, பத்து கிலோமீட்டரில் திடீரென 8-க்கு இறங்கிவிட்டது. பேட்டரி போய்விட்டதா?

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் சார்ஜின் நடுப்பகுதி முழுக்க வோல்ட் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். அதனால் வோல்டை வைத்துச் சதவீதம் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணித்தான் சொல்கிறது. தினமும் 80-லேயே கழற்றினால் அந்த எண்ணிக்கையில் பிழை சேரும். வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றி, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். செல்கள் சமப்படவும் அந்த நேரம் தேவை. இரண்டு மூன்று முறை செய்தும் அதே கதை என்றால் செல் வோல்ட் அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும்.

காட்டுப்பள்ளி வாசகர்: மழை பெய்த மறுநாள் எல்லாம் "இன்சுலேஷன் ஃபால்ட்" என்று நின்றுவிடுகிறது.

சார்ஜ் ஏற்றும் முன் டிசி வயருக்கும் பாடிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று சார்ஜர் பார்க்கும், இருந்தால் ஏற்றாது. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரியுங்கள். அதே லாரியை வேறு கன்னில் போடுங்கள், அதே கன்னில் வேறு லாரியைப் போடுங்கள். கன்தான் என்றால் பெரும்பாலும் தரையில் கிடந்து தண்ணீரும் உப்பும் சேறும் புகுந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த காற்றடித்துக் காயவிடுங்கள். எண்ணெய் ஸ்பிரே அடிக்கக் கூடாது. தூசியை இழுத்து ஒட்டவைக்கும். லாரிப் பக்கம் என்றால் துவாரத்தின் மூடி ரப்பரையும் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையையும் பாருங்கள். அதற்கு மேல், உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு வயரைத் தொடுவது பயிற்சி பெற்ற மெக்கானிக் வேலை.

சேலம் வாசகர்: மத்திய அரசு மானியம் வாங்க என்ன வேண்டும்?

2025 ஜூலையில் அறிவித்த பிஎம் இ-டிரைவ் லாரி மானியம் வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் இல்லாமல் கிடையாது. பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தர வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. அது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.